தனக்குச் சூடு அதிகம் என்ற ஃபர்னஸ்

ஜனவரி 12, சனி

கருவாட்டு மணத்தின் பிரச்சினையை இன்று மத்தியானத்துக்கு முன் தீர்த்துவைத்தேன். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் தமிழர்கள் குளிர்காலம் முழுக்க இதைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவரும் காரணத்தை யோசித்ததில்லை. யன்னல்களைத் திறக்க முடியாது, பொரித்தால் மணம் ஜாக்கெட்டில் ஏறிவிடும், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போவார். இதற்காகச் சிலர் கராஜில் அடுப்பு வைத்துப் பொரிக்கிறார்கள். கராஜ் குளிரும் என்பதால் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பொரிக்கிறார்கள். பிறகு ஜாக்கெட் மணக்கிறது என்று கவலைப்படுகிறார்கள்.

நான் ஊரில் பன்னிரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். காற்று எங்கே போகிறதோ அங்கேதான் மணமும் போகும். எங்கள் வீட்டுக் காற்றை நடத்துவது நிலவறையில் நிற்கும் ஃபர்னஸ். குசினிக்கு அருகே விறாந்தைச் சுவரின் அடியில் ஓட்டைகள் கொண்ட ஒரு பெரிய இரும்புக் கிறில் இருக்கிறது. அதன் வழியாக வீட்டுக் காற்றை உறிஞ்சி, எரிவாயுவில் சூடாக்கி, எல்லா அறைகளுக்கும் ஊதுகிறது. அதாவது திலகம் பொரிக்கும் கருவாட்டை மகள் யாதவியின் உடுப்பு அலுமாரிக்குள் கொண்டுபோய் வைப்பது இந்த இயந்திரம்தான். கிறில்லின் மேல் தடித்த பிளாஸ்டிக்கைப் போட்டு நான்கு பக்கமும் வெள்ளி நிற டேப்பால் ஒட்டினேன். பார்வைக்கு அழகில்லை என்று திலகம் சொன்னாள். அதன் முன்னால் சின்ன மேசையை இழுத்துவைத்து, பட்டுத்துணி விரித்து, குத்துவிளக்கை வைத்துவிட்டேன். வருகிறவர்கள் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

வருகிறவர்கள் என்றால் மிசிசாகா குலவீரசிங்கம் குடும்பம். அடுத்த ஞாயிறு பின்னேரம் யாதவியைப் பார்க்க வருகிறார்கள். மகன் பட்டயக் கணக்காளர். இதை யாதவியிடம் சொன்னபோது அவள் "ம்" என்றாள். ஆவணி மாதத்திலிருந்து அவள் என்னிடம் பெரும்பாலும் "ம்" என்றுதான் சொல்கிறாள். மருந்துக்கடையில் வேலை கூடப் போலும்.

ஆவணியில் அவள் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். கஜீபன் என்று பெயர். நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். வீடு வீடாகப் போய் ஃபர்னஸ் திருத்துகிறவர். எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஆட்சேபம் இருக்கும். அவர்களுக்காகத்தான் யோசிக்க நேரம் கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குலவீரசிங்கம் வந்து போவதும் அந்த யோசனையின் ஒரு பகுதி.

ஜனவரி 13, ஞாயிறு

பரிசோதனை வெற்றி. திலகம் பாரைக் கருவாடு பொரித்தாள். நான் யாதவியின் அறையில் நின்று அவளுடைய ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார மணம் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து யாதவி உள்ளே வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒரு ஆராய்ச்சி."

"ம்."

இன்னொரு நன்மையும் தெரிகிறது. ஃபர்னஸ் முன்போல ஓயாமல் ஓடுவதில்லை. சிறிது நேரம் ஓடுகிறது, பிறகு ஓய்வெடுக்கிறது. எரிவாயு மிச்சம். நாளையிலிருந்து கடும் குளிர் என்று வானொலியில் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஜனவரி 14, திங்கள்

காலையில் ஃபர்னஸ் இயங்கவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு, வீட்டுக்குள் பதினைந்து. கவலைக்கு இடமில்லை. சுவரில் இருந்து ஃபர்னஸை இயக்கும் வெப்பக் கட்டுப்படுத்திக்குப் புது பாட்டரி போட்டேன். மின்பெட்டியில் ஃபர்னஸுக்குரிய சுவிட்சை அணைத்து மறுபடியும் போட்டேன். நிலவறையில் இயந்திரத்தின் முன் கதிரை போட்டு உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்று கவனித்தேன். ஒரு சின்ன உறுமல், பிறகு ஒன்றுமில்லை. நெருப்பு வரவில்லை.

வீட்டோடு வந்த கையேட்டை எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளரை அழைக்கவும் என்று இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியின் கீழும் ஆசிரியரைக் கேட்கவும் என்று மட்டும் அச்சிட்ட பாடப்புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் மரியாதைக்காக ஃபர்னஸ் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நகரம் முழுக்க ஃபர்னஸ்கள் படுத்திருப்பதால் அடுத்த கிழமைதான் ஆள் அனுப்ப முடியும் என்று, இசையெல்லாம் கேட்கவைத்த பிறகு, ஒரு பெண் சொன்னாள்.

"அந்தப் பிள்ளையை ஒருக்காக் கேட்டால் என்ன?" என்றாள் திலகம்.

"எந்தப் பிள்ளை?"

"உங்களுக்கு யோசிக்க நேரம் தந்த பிள்ளை."

"நீர் போய்த் தேத்தண்ணியைப் போடும். இது பௌதிகம்."

"போடுறன். பௌதிகத்துக்கும் ஒரு கோப்பை போடவோ?"

முப்பது வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்தால் மனைவிக்கும் நகைச்சுவை ஒட்டிவிடுகிறது.

ஜனவரி 15, செவ்வாய்

தைப்பொங்கல். பால் பொங்கியது. வீட்டில் சூடாக இருந்த பொருள் அது ஒன்றுதான்.

ஜனவரி 16, புதன்

பதினொரு பாகை. நான் அரைக்கைக் கம்பளிச் சட்டைக்கு மேல் முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேல் திலகத்தின் சால்வையைச் சுற்றியிருக்கிறேன். சிந்தனைக்குக் குளிர் நல்லது. குளிர்நாடுகளில்தான் தத்துவம் வளர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அடுப்பு இருந்திருக்கும்.

இன்று முக்கியமான முன்னேற்றம். வேலைக்குப் புறப்பட்ட யாதவி நிலவறைப் படிக்கட்டின் மேல் நின்று, கீழே ஃபர்னஸின் முன் இருந்த என்னைக் கேட்டாள்:

"அப்பா, உள்ளுக்கை ஒரு சின்ன லைட் மின்னுமே, அது எத்தினை தரம் மின்னுது?"

அப்படி ஒரு விளக்கு இருப்பதை நானே அப்போதுதான் கவனித்திருந்தேன். அவள் நிலவறைக்கு இறங்கவேயில்லை. என் மகள். இப்படியான மூளை வழிவழியாக வருவது.

"நாலு தரம். பிறகு நிக்குது. திருப்பி நாலு தரம்."

"மூடியின்ரை உள்பக்கத்திலை ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். நாலுக்கு என்ன போட்டிருக்கெண்டு பாருங்கோ."

பார்த்தேன். இயந்திரத்தின் வெப்பம் உச்ச எல்லையைத் தாண்டிவிட்டது என்று போட்டிருந்தது.

சில மனிதர்களை இப்படிக் கண்டிருக்கிறேன். சபையில் எல்லோரும் விறைத்துக்கொண்டிருக்கும்போது தமக்கு வேர்க்கிறது என்பார்கள். ஆனால் ஓர் இயந்திரம் அப்படிச் சொல்லி இப்போதுதான் காண்கிறேன். யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி படிந்திருக்கிறது. ஃபர்னஸோ தனக்குச் சூடு தாங்கவில்லை என்கிறது. நான்கு தரம் மின்னி, ஓய்வெடுத்து, மறுபடியும் அதே பொய்யைச் சொல்கிறது. படிப்பித்த காலத்தில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லப்பட்ட பொய்யைக் கேட்டதில்லை.

"மெஷின் பிழையாச் சொல்லுது," என்றேன்.

"சூடு கூடினால் பாதுகாப்புக்கு ஒரு சின்னப் பொத்தான் வெளியாலை தள்ளி நிக்கும். அதை அமத்தினால் ஓடும். ஆனா ஏன் சூடு கூடினதெண்டு கண்டுபிடிக்காமல் அமத்திப் பிரயோசனமில்லை. திருப்பி நிக்கும்."

"உதெல்லாம் ஆர் சொன்னது?"

"வீடியோவிலை பாத்தனான்."

இந்தக் காலத்து வீடியோக்கள் நாம் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்கின்றன போலும். நேற்றுப் பின்னேரம் வாசலில் நின்ற காருக்குள் இருந்து அவள் வெகுநேரம் வீடியோவோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததை யன்னலால் கண்டேன். தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது.

பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். உறுமல், ஒரு சொடுக்கு, பிறகு நீல நெருப்பு வரிசையாக எழுந்தது. காற்றுக் குழாய்கள் இருமிக்கொண்டு விழித்தன. மேலே திலகம் ஊதுதுவாரத்தின் மேல் சேலையை விரித்து நின்றுகொண்டு, "வருது, வருது," என்றாள். கொம்பனி அடுத்த கிழமை என்றது. நான் மூன்று நாளில் முடித்துவிட்டேன். குலவீரசிங்கத்துக்கும் எடுத்து, ஃபர்னஸ் கொஞ்சம் மக்கர் பண்ணியதாகவும் இப்போது சரியாகிவிட்டதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் மெச்சினார். மாஸ்டர் வீடென்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும் என்றார்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துப் பேனா மூடியைப் போட்ட சிறிது நேரத்தில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. நான்கு தரம் மின்னுகிறது. மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் ஓடி மறுபடியும் நின்றது. இயந்திரம் பிடிவாதமானது. அது இன்னும் என்னை அறியவில்லை.

ஜனவரி 17, வியாழன்

எட்டுப் பாகை. மூவரும் குசினியில் கேத்திலைச் சுற்றி இருந்தோம். திலகத்துக்கு இரண்டு நாளாக இருமல். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தால் வீடு நாசமாகும் என்று மார்க்கம் நகரில் இருக்கும் அவளுடைய தங்கச்சி தொலைபேசியில் சொல்லிவைத்திருக்கிறாள். மார்க்கம் தங்கச்சி எப்போதும் நல்ல செய்தியோடுதான் எடுப்பாள்.

இந்த நேரத்தில்தான் யாதவி பேசினாள். அவள் "ம்" அல்லாத வேறு சொற்களால் என்னோடு இவ்வளவு நேரம் பேசியது ஆவணிக்குப் பிறகு இன்றுதான்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை வாறவையை மறிச்சுப்போடுங்கோ."

"ஏன்? அதுக்கிடையிலை நான் ஃபர்னஸைச் சரிக்கட்டிப்போடுவன்."

"ஃபர்னஸ் ஓடினாலும் மறியுங்கோ. நான் கஜீபனைத்தான் கட்டுவன். இது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஆக்களைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள்."

"வந்து பாத்துப் போகட்டுமே. பாத்தால் என்ன குறைஞ்சு போகும்?"

"அந்தாள் பாவம் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு மிசிசாகாவிலை இருந்து வரும். நான் அவருக்குத் தேத்தண்ணி குடுத்துப்போட்டு என்ன கதைக்கிறது? வருமான வரியோ?"

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, பிள்ளை. யோசிக்க நேரம் கேட்டனான்."

"ஆவணியிலை கேட்டனியள். இப்ப தை."

"பெரிய விசயம்."

"அப்பா, ஒண்டு கேக்கிறன். அவர் ஃபர்னஸ் திருத்துறார். அதுதானே விசயம்?"

"தொழிலிலை என்ன இருக்கு? எல்லாத் தொழிலும் நல்ல தொழில்தான்," என்றேன். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அங்கே யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"அப்ப மண்டபத்திலை ஆரும் கேட்டால் அதைச் சொல்லுங்கோவன்."

நான் கேத்திலைப் பார்த்தேன். தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் அதன் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதை விளக்கலாம் என்று தோன்றியது. விளக்கத் தொடங்கினேன். யாதவி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

திலகம் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அவள் கேட்டது உங்களுக்கு விளங்கினதோ?"

"விளங்கினது."

"அப்ப மறுமொழி சொல்லாமல் தண்ணியைப் பற்றிச் சொல்லுறியள்."

குலவீரசிங்கம் எடுத்தார். ஞாயிறு வருவது உறுதி என்றார். மனைவி, மகன், மனைவியின் தமையன் எல்லோருமாக வருகிறார்களாம். வீடு சூடாக இருக்கிறதா என்று கேட்டார். நல்ல சூடு என்றேன். சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

ஜனவரி 18, வெள்ளி

காலையில் விறாந்தையில் இரண்டு பைகள் நின்றன. ஒன்று திலகத்துடையது, மற்றது யாதவியுடையது.

"நாங்கள் ரெண்டு பேரும் மார்க்கம் போறம்," என்றாள் திலகம். "நீங்கள் பௌதிகத்தோடை இருங்கோ. கறி பெட்டிக்குள்ளை இருக்கு. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளை வைக்கேல்லை, தேவையில்லை."

இந்த இடத்தில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். நல்ல ஆசிரியன் சில வேளைகளில் வகுப்பின் கருத்தையும் கேட்க வேண்டும். இளைய தலைமுறையிடமும் தொழில் அறிந்தவர்களிடமும் கலந்தாலோசிப்பதில் தவறில்லை. ஆகவே யாதவியிடம், அவள் விரும்பினால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

அவள் கைபேசியைத் தூக்கியவுடன், முதல் மணியே முழுதாக அடிப்பதற்குள், எதிர்ப்பக்கம் எடுத்துவிட்டது. மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள். பின்னணியில் ஒரு சுத்தியல் சத்தம் கேட்டது. அவர் வேறு யாரோ ஒருவரின் நிலவறையில் நின்றிருந்தார்.

"சொல்லும் யாது. அப்பா விட்டிட்டாரோ?"

"அப்பா பக்கத்திலை நிக்கிறார்," என்றாள் யாதவி.

சுத்தியல் நின்றது.

"வணக்கம் அங்கிள்."

"வணக்கம். நாலு தரம் மின்னுது," என்றேன். அறிமுகத்துக்கு அது போதும் என்று பட்டது.

"ஓம், கேள்விப்பட்டனான். பொத்தானை அமத்தினால் ஓடுது, கொஞ்சத்தாலை நிக்குது. அப்பிடித்தானே? அங்கிள், அது பொய் சொல்லேல்லை. உள்ளுக்கை உண்மையிலேயே கொதிக்குது. வீட்டுக் காத்து உள்ளுக்கை வந்தால்தானே அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியாலை போகும். காத்து வரேல்லையெண்டால் சூடு அங்கையே நிண்டு மெஷினை அவிச்சுப்போடும். அதுதான் தன்னைத்தானே நிப்பாட்டுது. ஃபில்டர் ஊத்தையோ?"

"போன மாசம் மாத்தினது."

"காத்து இழுக்கிற கிறில்லை ஏதும் மறைச்சு நிக்குதோ? சோஃபா, பெட்டி, ஏதாவது?"

"சோஃபா இல்லை," என்றேன்.

இது முற்றிலும் உண்மையான விடை. ஆனால் யாதவி என்னைப் பார்த்தாள். பிறகு திலகம் என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் குத்துவிளக்கைப் பார்த்தார்கள்.

யாதவி விளக்கைத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள். மேசையை இழுத்தாள். முழங்காலில் இருந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். நல்ல டேப். சத்தம் நீளமாகக் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றது கைபேசி.

"பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. நாலு பக்கமும்," என்றாள் யாதவி.

எதிர்ப்பக்கம் ஒரு கரகரப்பு கேட்டது. சிரிப்பை அடக்கும் ஒருவர் கைபேசியை முகத்திலிருந்து தூரப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மணத்துக்கோ?" என்றார் பிறகு.

"கருவாடு," என்றாள் திலகம், இருமிக்கொண்டு.

"அன்ரி, இது எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை மட்டும்தான் நடக்கும். போன வருசம் நத்தாருக்கு எங்கடை அம்மா மீன் பொரிக்கேக்கை கிறில்லைப் போர்வையாலை மூடிப்போட்டா. நான் அரைநாள் மெஷினைப் பிரிச்சு மேஞ்சனான். மூளை ஓடேல்லை. கடைசியிலை போர்வையிலை பூனை படுத்திருக்கு, அதைத் தூக்கேக்கைதான் கண்டனான். அங்கிள், உங்களுக்குத் தெரியாமல் போனது பரவாயில்லை, நான் லைசென்ஸ் எடுத்தவன், எனக்கே பிடிபடேல்லை."

யாதவி சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். காருக்குள் இருந்து வீடியோவோடு சிரித்ததைச் சேர்க்காமல்.

நான் கீழே போய்ப் பொத்தானை அழுத்தினேன். நெருப்பு எழுந்தது. நாங்கள் விறாந்தையில் நின்று காத்திருந்தோம். கைபேசியில் அவரும் காத்திருந்தார். அரை மணித்தியாலம் கடந்தும் ஃபர்னஸ் நிற்கவில்லை. கிறில்லின் முன்னால் கையைப் பிடித்தால் வீட்டுக் காற்று அவசரமாக உள்ளே போவது தெரிந்தது. திலகம் பைக்குள்ளிருந்து தன் உடுப்புகளை எடுத்து மறுபடியும் அலுமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

பதிவுக்காக எழுதிவைக்கிறேன். கோளாறு காற்றோட்டத் தடையினால் ஏற்பட்டது. தடை அகற்றப்பட்டது. அதை யார் ஏற்படுத்தினார் என்பது பௌதிகத்துக்கு உட்பட்ட கேள்வி அல்ல.

யாதவி கைபேசியை எடுப்பதற்கு முன்னால் நான் அதனிடம் கேட்டேன்: "தம்பி, நீர் சாப்பிட்டீரோ?"

"இல்லை அங்கிள். விடிய வெளிக்கிட்டனான். இன்னும் ரெண்டு வீடு கிடக்கு, ஒண்டிலை கைக்குழந்தை. அது முடியட்டும்."

"நல்லது," என்றேன். எதற்கு நல்லது என்று சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 19, சனி

இருபத்தொரு பாகை. திலகத்தின் இருமல் குறைந்திருக்கிறது. காலையில் இரண்டு வாளி உடுப்புத் தோய்த்தோம். வெளிவாசலில் இறுகியிருந்த பனியை உடைத்து உப்புப் போட்டேன். யாதவி நாளைய விஷயம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் மிசிசாகாவுக்கு எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று முடிவாகாததால்தான். வேறு காரணமில்லை.

பின்னேரம் குலவீரசிங்கமே எடுத்தார். குரல் நடுங்கியது. உணர்ச்சியால் அல்ல, குளிரால்.

"மாஸ்டர், இஞ்சை எங்கடை ஃபர்னஸும் படுத்திட்டுது. விடிய எழும்பிப் பாத்தால் வீடு ஐஸ்பெட்டி. கொம்பனிக்காரர் அடுத்த கிழமையாம். மனுசி பிள்ளையளைத் திட்டுறா, பிள்ளையள் என்னைத் திட்டுதுகள்."

"எத்தினை தரம் மின்னுது?" என்றேன்.

"என்ன மின்னுது?"

"பரவாயில்லை. சொல்லுங்கோ."

"உங்கடை ஃபர்னஸ் நிண்டு இப்ப ஓடுதெண்டு அண்டைக்குச் சொன்னியள். ஆரோ ஒரு பெடியனை வைச்சுத்தானே பாத்திருப்பியள்? எங்கடை பெடியள் கனபேர் உந்த வேலை செய்யிறாங்கள், படிப்பு ஏறாததுகள். அவனை ஒருக்கா இஞ்சாலையும் அனுப்பிவிடுங்கோவன். ஏதும் குடுத்து அனுப்பலாம். ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ, முன்வாசலாலை வரவேண்டாம். புதுக் கார்பெட், அவங்கள் சப்பாத்தோடை ஏறுவாங்கள். பக்கக் கதவாலை வரச் சொல்லுங்கோ, நேரே நிலவறைக்கு இறங்கலாம்."

பக்கக் கதவு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து மாதமாக நானும் அந்தப் பிள்ளைக்கு அதே கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன் என்று திலகம் சொல்லக்கூடும். அவள் சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

"அவர் முன்வாசலாலைதான் வருவார்," என்றேன்.

"இல்லை மாஸ்டர், கார்பெட்..."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வருவார். வளர்ப்பு அப்பிடி. அவர் பெடியன் இல்லை, பெயர் கஜீபன். லைசென்ஸ் எடுத்தவர். படிப்பு ஏறாமல் அதைக் குடுக்கமாட்டாங்கள்."

"ஓமோம். அதுக்கில்லை. நீங்கள் ஏன் கோவிக்கிறியள்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"என்ரை மருமகன்."

மிசிசாகாவில் ஒரு கதிரை அசையும் சத்தம் கேட்டது.

"மருமகனோ? மாஸ்டர், உங்களுக்கு ஒரு பிள்ளைதானே?"

"ஓம். ஒரு பிள்ளைதான்."

இந்த வாக்கியத்தை நான் தயாரித்து வைத்திருக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. குசினியில் யாதவி எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

குலவீரசிங்கம் தொலைபேசியை வைக்கவில்லை. அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படுவார், அல்லது பெரிய மனிதர்கள் பலரின் பெயரைச் சொல்லி அவர்களிடம் இதைச் சொல்லப்போவதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மருமகன் எத்தினை மணிக்கு வருவார்?" என்றார்.

தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, கஜீபனுக்கு எப்ப வசதியெண்டு கேள்."

யாதவி வாசலில் நின்றாள். கைகள் ஈரமாக இருந்தன. முகமும் அப்படித்தான் இருந்தது, கழுவும்போது தெறித்திருக்கும். அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இண்டைக்கு ஏழு மணிக்குப் போவார். நாளைக்கெண்டால் ஏலாது. நாளைக்கு அவரும் தாயும் இஞ்சை மத்தியானச் சாப்பாடு."

"ஆர் கூப்பிட்டது?"

"நான்தான்," என்றாள் உள்ளே இருந்து திலகம்.

"எப்ப?"

"போன கிழமை."

போன கிழமை ஃபர்னஸ் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன கிழமை, நாளைய தினம் குலவீரசிங்கம் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆகவே நான் பார்க்கவில்லை. தொலைபேசியிலிருந்து கையை எடுத்தேன்.

"ஏழு மணி," என்றேன். "முன்வாசல்."